மலிவான லீற்றரும் மலிவான பயணமும்

புத்தளம் நகருக்கு வடக்கே, வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தில், கடலேரியை ஒட்டி அமைந்துள்ள ஊர் கரைத்தீவு. ஒரு புறம் உப்பு நீர்; மறு புறம் வில்பத்து வனத்தை நோக்கி விரியும் பற்றைக்காடு; அருகிலேயே சீமெந்துத் தொழிலுக்காகச் சுண்ணாம்புக்கல் அகழப்படும் அருவக்காடு. மீன்பிடியையும் தென்னையையும் சிறு பயிர்ச்செய்கையையும் நம்பி வாழும் இத்தகைய கரையோர ஊர்களில், மோட்டார் கார் என்பது செல்வத்தின் அடையாளமன்று. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணைப் புத்தளம் வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது அது. பாம்பு தீண்டியவனை விடியும்வரை காத்திருக்க வைக்காமல் காப்பாற்றுவதும் அதுவே. ஒரு வீட்டு முற்றத்தில் நிற்கும் கார் அயலிலுள்ள நாலு வீடுகளுக்கும் உரியது போன்றதே.

அந்தக் கார் ஒரு நாள் ஓட மறுத்துவிட்டால், அது ஒரு குடும்பத்தின் கவலை மட்டும் அன்று. அப்போது எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். எஞ்சின் பழுதுபட்ட பழைய டீசல் காரைச் செப்பனிட்டு வைத்துக்கொள்வதா? அல்லது அதைக் கைவிட்டு, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய பெற்றோல் கார் ஒன்றை வாங்குவதா? பல ஆண்டுச் சேமிப்பு இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றது. ஆயினும் நம்மவரில் பலர் இம்முடிவை ஒரே ஒரு வாக்கியத்தைக் கொண்டு செய்துவிடுகின்றனர். “டீசல் மலிவு” என்பதே அந்த வாக்கியம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில், இவ்விரு எஞ்சின்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். பெற்றோல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை, பிளக் தரும் தீப்பொறியினால் பற்றுகின்றது. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. காற்று மட்டும் உள்ளே இழுக்கப்பட்டு, மிகக் கடுமையாக அழுத்தப்படுகின்றது. அழுத்தத்தால் கொதிப்பேறிய அந்தக் காற்றினுள் எரிபொருள் தூவப்பட்டதும், அது தானே தீப்பற்றிக்கொள்கின்றது. பெற்றோல் எஞ்சின் தன் காற்றை ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காக அழுத்துமாயின், பழைய வகை டீசல் கார் எஞ்சின் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைவாக அழுத்துகின்றது. குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் ஓடும் சிக்கனம் இந்தக் கடும் அழுத்தத்தின் பயன்.

1858ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பிறந்த ஜெர்மானியப் பொறியியலாளர் ருடோல்ப் டீசல் என்பவரே இந்தத் தத்துவத்தை எஞ்சினாக்கியவர். 1897இல் ஜெர்மனியிலுள்ள அவுக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக இயங்கிக் காட்டியது. தொடக்கத்தில் அது தொழிற்சாலைகளுக்கும் கப்பல்களுக்குமே உரியதாயிருந்தது. 1936இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தார் 260 டி என்னும் காரை வெளியிட்ட பின்னரே, டீசல் எஞ்சின் பயணிகள் காரினுள்ளும் இடம் பிடித்தது. அழுத்தம் கடுமையானதால் அதன் உறுப்புகள் தடித்தவை, பாரமானவை. பாரம் சுமப்பதற்கும் நெடுந்தூரம் ஓடுவதற்கும் அது பொருத்தமானது. சிறு தூரம் ஓடி, சூடேறுமுன்னரே நிறுத்தப்படும் வாழ்க்கை அதற்கு ஏற்றதன்று.

இலங்கையில் 1990களில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார்களுள் டீசல் கார்கள் பெருமதிப்புப் பெற்றன. டொயோட்டா கொரோலாவின் சீ.ஈ. 100, சீ.ஈ. 110 என்னும் வகைகளும், நிசான் சனியின் டீசல் வகைகளும் நாடெங்கும் ஓடின. இவற்றுள் கொரோலாவில் பொருத்தப்பட்டிருந்தது 2சி என்னும் 1974 கன சென்ரிமீற்றர் எஞ்சின். இவற்றை மக்கள் நாடியதற்குக் காரணம் விலை வேறுபாடே. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோல் 177 ரூபாவாகவும், ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாவாகவும் இருந்தன. லீற்றருக்கு 56 ரூபா மிச்சம். அதற்கு மேல் தூரமும் கூடுதல். டீசல் காரின் உரிமையாளர் தம்மைப் புத்திசாலி என எண்ணியதில் வியப்பில்லை.

ஆனால் அந்தக் கார்கள் இன்று ஏறக்குறைய முப்பது வயதானவை. அவை எவ்வாறு பழுதுபடுகின்றன? 2சி எஞ்சினின் அடிப்பாகம் வார்ப்பிரும்பினால் ஆனது. அதன் தலைப்பாகம் அலுமினியத்தால் ஆனது. ரேடியேற்றரில் துரு அடைத்து, நீர் சுற்றுவது குறைந்து, எஞ்சின் ஒரு முறை அளவுமீறிச் சூடேறினாலும் தலைப்பாகம் வளைந்துவிடக்கூடும். வால்வுகளுக்கிடையில் வெடிப்பும் விழக்கூடும். அதன் அறிகுறிகள் எளியவை. எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றரில் குமிழிகள் எழும். ஒழுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாமலே நீர் குறையும். சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காது. இவற்றைக் கண்டும் நாளுக்கு ஒரு போத்தல் நீரை ஊற்றி ஓட்டுபவர், சிறு செலவைப் பெருஞ்செலவாக வளர்க்கின்றார்.

அடுத்தது டைமிங் பெல்ட். இந்தப் பட்டியே வால்வுகளையும் டீசல் பம்பையும் இயக்குகின்றது. குறித்த காலத்தில் மாற்றாவிட்டால் அது அறுந்து, வால்வும் பிஸ்டனும் மோதி, எஞ்சின் ஒரு நொடியில் உயிரிழக்கும். கரையோரத்தின் உப்புக்காற்றும், கல் ஏற்றும் லொறிகள் கிளப்பும் தூசியும் இதனோடு சேர்கின்றன. தூசி காற்று வடிகட்டியை அடைக்கின்றது. வடிகட்டியைத் தாண்டி உட்புகுந்தாலோ, சிலிண்டரின் சுவரை அரம்போல் தேய்க்கின்றது.

கடற்கரை ஊர்களுக்கே உரிய மற்றொரு கேடும் உண்டு. படகுகளின் வெளியிணைப்பு எஞ்சினுக்காக மண்ணெண்ணெய் அங்கு எப்போதும் பழக்கமான பொருள். 2022 ஜூன் 26இல் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாவாக உயர்ந்தபோது, மண்ணெண்ணெய் 87 ரூபாவாகவே இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில்தான் அது 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இந்த இடைவெளியில் டீசலோடு மண்ணெண்ணெயைக் கலக்கும் ஆசை எவருக்கும் தோன்றக்கூடியதே. ஆனால் இவ்வகைக் காரின் டீசல் பம்பிற்கு வேறு மசகு கிடையாது. அதனூடே செல்லும் டீசலின் எண்ணெய்த் தன்மையே அதன் மசகு. மண்ணெண்ணெய் மெலிந்த பொருள். அது கலக்கும் அளவுக்குப் பம்பின் உறுப்புகள் உலர்ந்து தேய்கின்றன. அன்று லீற்றரில் மிச்சம்பிடித்த பணம், பின்னர் பம்பைச் செப்பனிடுபவரின் மேசைக்குச் செல்கின்றது.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். 1990களில் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடினவல்லவா? ஓடின, உண்மைதான். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அந்த மக்கள் தங்கள் போக்குவரத்தைக் காப்பாற்றிக்கொண்டனர். ஆனால் அவை குறைந்த அழுத்தமும் எளிய கார்புரேற்றரும் கொண்ட பெற்றோல் கார்கள். டீசல் பம்பும், இன்றைய பெற்றோல் கார்களின் இன்ஜெக்ரரும் அத்தகைய பொறுமை படைத்தவையல்ல.

இனிக் கணக்கிற்கு வருவோம். கரைத்தீவில் ஒரு குடும்பம் மாதம் 600 கிலோமீற்றர் ஓடுகின்றது எனக் கொள்வோம். நல்ல நிலையிலுள்ள டீசல் கார் லீற்றருக்கு 15 கிலோமீற்றரும், அதே அளவான பெற்றோல் கார் 12 கிலோமீற்றரும் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். டீசல் 40 லீற்றர் வேண்டும். பெற்றோல் 50 லீற்றர் வேண்டும். 2021 டிசம்பர் விலையில் டீசலுக்கு 4,840 ரூபா. பெற்றோலுக்கு 8,850 ரூபா. பெற்றோல் செலவு டீசல் செலவின் இருமடங்கிற்குச் சற்றே குறைவு. 2022 ஜூன் இறுதியில் டீசல் 460 ரூபா, பெற்றோல் 470 ரூபா. அப்போது டீசலுக்கு 18,400 ரூபா. பெற்றோலுக்கு 23,500 ரூபா. இப்போது பெற்றோல் செலவு நாலில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகவே கூடுதல். லீற்றரின் விலை வேறுபாடு 56 ரூபாவிலிருந்து 10 ரூபாவாகச் சுருங்கியது. மிஞ்சிய இலாபம் பெரும்பாலும் எஞ்சினின் சிக்கனத்தால் வந்ததேயன்றி, எரிபொருளின் மலிவால் வந்ததன்று.

ஆயினும் மாதம் 5,100 ரூபா மிச்சம் என்பது மறுக்கத்தக்கதன்று. ஆண்டிற்கு அது 61,200 ரூபா. இங்கேதான் ஒரு சிறு வகுத்தல் கணக்குத் தேவைப்படுகின்றது. டீசல் எஞ்சினை முழுமையாகச் செப்பனிட எவ்வளவு ஆகும் என்பதை நம்பகமான இரண்டு மெக்கானிக்குகளிடம் தனித்தனியே கேட்டறிய வேண்டும். அத்தொகையை ஆண்டு மிச்சத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், அந்தக் கார் இனி எத்தனை ஆண்டுகள் மறுபழுதின்றி ஓடினால் செப்பனிட்ட செலவு மீளும் என்பதைச் சொல்லும். அந்த எண் ஐந்து அல்லது ஆறு என வருமாயின், முப்பது வயதுக் கார் ஒன்றிடம் அத்தனை ஆண்டுகளை எதிர்பார்ப்பது நியாயமா என்று தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எரிபொருளின் விலை மாறும்போது கணக்கும் மாறும். ஆகவே அன்றன்றைய விலையை இட்டே இதைச் செய்தல் வேண்டும்.

இதே கணக்கு எல்லாருக்கும் ஒரே விடையைத் தராது. மாதம் 300 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு ஆண்டு மிச்சம் 30,600 ரூபாவே. அவருக்குப் பெற்றோல் காரே பொருந்தும். நாள்தோறும் வாடகைக்கு ஓடி, மாதம் 2,000 கிலோமீற்றரைத் தொடுபவருக்கோ அதே மிச்சம் 2,04,000 ரூபாவாகின்றது. அவர் டீசலைக் கைவிடுவது அறிவுடைமையாகாது. மணற்பாதையில் குறைந்த வேகத்திலும் இழுத்துச் செல்லும் வலு டீசலுக்கு உண்டு. பிளக்கும் மின்பொறியும் இல்லாமையால் ஈரத்திற்கும் அது எளிதில் அஞ்சாது. எழுவன்குளத்துச் சப்பாத்துப் பாலத்தில் நீர் ஏறும் காலத்தை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். எனவே எஞ்சினைப் பற்றிய கேள்விக்கு முன்னர், தூரத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்க வேண்டும்.

சிலர் மூன்றாவது வழி ஒன்றைக் கூறுவதுண்டு. பழைய டீசல் காரின் உடலிலேயே பாவித்த பெற்றோல் எஞ்சின் ஒன்றைப் பொருத்திவிடலாம் என்பது அது. வயரிங், எரிபொருள்த் தாங்கி, கியர் பெட்டி எனப் பல உறுப்புகளை அதற்கேற்ப மாற்ற நேரிடும். அதனினும் முக்கியமானது, காரின் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எழுதப்பட்டிருக்கின்றன என்பது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி மாற்றம் பதியப்படாவிட்டால், விபத்து நேர்ந்தால் காப்புறுதியிலும், விற்கும்போது விலையிலும் தொல்லை வந்து சேரும்.

அப்படியாயின் பெற்றோல் கார் வாங்க முடிவுசெய்தவர் எதைக் கவனிக்க வேண்டும்? 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் நாட்டிலிருந்த பழைய கார்களே கைமாறின. அவற்றின் விலையும் ஏறியது. எனவே சிறு முதலுள்ளவர் காணும் கார், பல கைகளைக் கண்ட காராகவே இருக்கும். கொரோலா இனத்திலேயே 5ஏ எஞ்சின் கொண்ட ஏ.ஈ. 100 வகையும், 2000ஆம் ஆண்டில் வந்த 1496 கன சென்ரிமீற்றர் எஞ்சின் கொண்ட 121 வகையும் ஊருக்கு ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகியவை. முன்னையதில் டைமிங் பெல்ட்; பின்னையதில் சங்கிலி. உதிரிப்பாகம் புத்தளத்திலேயே கிடைக்குமா என்பது, கதவின் மினுக்கத்தைவிடப் பன்மடங்கு பெறுமதியுடைய கேள்வியாகும்.

காரைப் பார்க்கச் செல்பவர் காலையில் செல்ல வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது எழுப்பப்பட வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் காரணம் கேட்க வேண்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். ஓயாத வெண்புகை நீர் உட்புகுவதைக் காட்டும். எண்ணெய் மூடியைத் திறந்தால் பால்போன்ற கசடு தெரியுமாயின், எண்ணெயோடு நீர் கலந்திருக்கக்கூடும். ஓடிய தூரத்தைக் காட்டும் மீற்றரை நம்புவதற்கில்லை. பிரேக் மிதியின் இறப்பரும், ஸ்டியரிங்கின் வழவழப்பும் பொய் சொல்வது அரிது. காருக்கு அடியில் படுத்துப் பார்ப்பதற்கு வெட்கப்படக்கூடாது. உப்புக்காற்றில் வளர்ந்த காரின் அடித்தகட்டை விரலால் தட்டினாலே, திடமான இரும்பின் ஓசைக்கும் துருவின் ஓசைக்கும் வேறுபாடு தெரியும். புதிதாகக் கறுப்பு மை பூசப்பட்டிருந்தால், எதை மறைக்கப் பூசினார்கள் என்று கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தைக்கு வரக்கூடும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோதும் வாகனங்கள் பல நீரில் அகப்பட்டன. கம்பளத்தின் கீழே சேற்றுப்படிவும், இருக்கைகளின் அடிக்கம்பிகளில் துருவும், கதவு மூடிய காரில் பூஞ்சண வாடையும் இருக்குமாயின், அந்தக் காரின் மின்னிணைப்புகள் பின்னர் ஒவ்வொன்றாய்த் தொல்லை தரும். வாங்குபவர் தம் மெக்கானிக்கை அழைத்துச் சென்று, சிலிண்டர்களின் அமுக்கத்தை அளந்து பார்க்கச் செய்தல் நன்று. அவருக்குக் கொடுக்கும் ஒரு நாட்கூலி, எதிர்காலத்தின் காப்புறுதியாகும்.

காரைப் பார்த்த அதே கண்ணால் கடதாசிகளையும் பார்க்க வேண்டும். பதிவுப் புத்தகத்திலுள்ள செசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும், உலோகத்தில் பொறிக்கப்பட்ட இலக்கங்களோடு ஒத்திருக்க வேண்டும். நிதி நிறுவனம் ஒன்று முழு உரிமையாளராகப் பதியப்பட்டிருந்தால், கடன் தீர்ந்து அப்பெயர் நீங்கும்வரை முழுப்பணத்தையும் கொடுக்கலாகாது. கைமாறிக் கைமாறி, பெயர் மாற்றப்படாமலே வரும் “ஓபன் பேப்பர்” கார்கள் மலிவாகத் தோன்றும். ஆனால் இடையில் கையொப்பமிட்டவர் வெளிநாடு சென்றுவிட்டாலோ இறந்துவிட்டாலோ, வாங்கியவர் அலைய வேண்டியிருக்கும். வருமான அனுமதிப்பத்திரமும், புகைப் பரிசோதனைச் சான்றிதழும், காப்புறுதியும் நடப்பில் உள்ளனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய டீசல் காரையும் வெறும் இரும்பாக நிறுத்து விற்றுவிடக்கூடாது. 2சி எஞ்சின் டவுன்ஏஸ், லைட்ஏஸ் வான்களிலும் பொருத்தப்பட்டது. எஞ்சினின் தலைப்பாகம் வெடித்தாலும், நல்ல நிலையிலுள்ள கியர் பெட்டி, ஸ்டார்ட்டர், டைனமோ ஆகியவற்றைத் தேடுவோர் உள்ளனர். உறுப்புறுப்பாக விற்றால் கிடைக்கும் தொகை, புதிய காரின் டயருக்கும் பற்றரிக்குமேனும் உதவும்.

பெற்றோல் கார் வீட்டுக்கு வந்த பின்னர் பழக்கமும் மாற வேண்டும். பத்து இருபது ஆண்டுகளாக எண்ணெய் நிலையத்தில் “டீசல் அடியுங்கள்” என்று கூறிப் பழகிய நாக்கு, முதல் மாதத்தில் தவறக்கூடும். எரிபொருள் மூடியில் “பெற்றோல்” என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது சிறுபிள்ளைத்தனமன்று. டீசல் இயல்பான வெப்பநிலையில் எளிதில் பற்றாது; பெற்றோலின் ஆவியோ தூரத்திலுள்ள அடுப்பையும் தேடிச் சென்று பற்றும். 2022இல் வாரத்திற்கு ஒரு காருக்கு 20 லீற்றர் என்று கியூ.ஆர். அட்டை மூலம் பங்கிட்ட காலத்தில், கலன்களில் எரிபொருளைச் சேமிக்கும் வழக்கம் பரவியது. 2023 செப்டெம்பரில் அப்பங்கீடு நீங்கிய பின்னும் பழக்கம் நீங்காத வீடுகள் உண்டு. டீசலைப்போல் எண்ணிப் பெற்றோலை வீட்டினுள் வைப்பது, உறங்கும் பிள்ளைகளின் அருகில் தீயை வைப்பதற்கு ஒப்பாகும்.

மாற்றத்தால் வரும் நன்மை ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கவல்லது என 2012இல் வகைப்படுத்தியது. பெற்றோல் புகையும் நஞ்சற்றதன்று. ஆயினும் பழுதுபட்ட டீசல் காரை முற்றத்தில் நிறுத்தி, கரும்புகை வீட்டினுள் புக எஞ்சினை உறுமவிடும் வழக்கம் ஒழிவது, முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆறுதலே.

ஆகவே நேயர்களே, டீசலா பெற்றோலா என்பது பாதிக் கேள்விதான். எவ்வளவு தூரம், எத்தகைய பாதை, எவர் செப்பனிடுவார், உதிரிப்பாகம் எங்கே என்பவை மறுபாதி. காரின் விலைக்கென வைத்த பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடுபவர், முதல் மாதத்திலேயே கடனாளியாவார். யானை வாங்குபவன் அங்குசத்திற்கும் காசு வைத்திருக்க வேண்டும். பெல்ட், எண்ணெய், வடிகட்டி, டயர் ஆகியவற்றிற்கு ஒரு பங்கை முன்னரே ஒதுக்கிவைத்து, எஞ்சியதைக் கொண்டு காரைத் தேடுவதே முறை. கரைத்தீவு போன்ற ஊரில் நல்ல கார் என்பது குறைந்த விலையில் எரிபொருள் குடிக்கும் கார் அன்று. நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது, முதல் திருப்பிலேயே எழுந்து, புத்தளம் வைத்தியசாலையின் வாசல்வரை நிற்காமல் செல்லும் காரே நல்ல கார்.